ஏழு மாதம் இறுகாத பவுண்

கொண்டலடி என்ற ஊரில், வைகாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு, சேந்தனின் கலியாணத்துக்காக ஒரு பவுண் தங்கம் நெருப்பில் வைக்கப்பட்டது, உருகியது, பிறகு இறுகவில்லை. முதல் இரண்டும் எல்லா வீடுகளிலும் நடப்பவை என்பதால் ஊர் மூன்றாவதைப் பற்றி மட்டும் பேசியது.

யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு சிறு விளக்கம் தேவைப்படலாம். இங்கே கலியாணத்துக்கு ஐந்தாறு நாள் முன்னதாக மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு என்றொரு சடங்கு நடக்கும். உறவினர் சூழ்ந்திருக்க, ஆசாரியார் ஒரு தங்க நாணயத்தைச் சின்ன மண்கிண்ணத்தில் இட்டு உமிக்கரி நெருப்பில் உருக்கி, அது ஆறிக் கட்டியானதும் வெற்றிலைத் தட்டத்தில் வைத்துச் சபைக்குக் காட்டிவிட்டு, தாலி செய்வதற்குக் கொண்டுபோவார். அன்றிலிருந்து தாலி ஏறும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரையொருவர் பார்க்கக்கூடாது. இந்த விதியை வகுத்தவர்கள் யாராக இருந்தாலும் ஐந்தாறு நாளை மனதில் வைத்துத்தான் வகுத்திருக்க வேண்டும். நாள் மாதமாக நீண்டுபோனால் என்ன செய்வது என்று ஓர் உபவிதி எழுதி வைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. விதி செய்கிறவர்கள் எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிதான் என்பது போகப்போகத் தெரியும்.

விசுவலிங்க ஆசாரியார் கிண்ணத்தை நெருப்பிலிருந்து இறக்கி வைத்தார். பார்த்தார். ஊதினார். சபை வெற்றிலை போட்டது. மத்தியானம் ஆனது, சபை சாப்பிட்டது. நாலு மணிக்கு அவர் கிண்ணத்தின் அடியைத் தண்ணீரில் தொட்டார். ஆவி எழவில்லை, பொன் அசைந்து அசைந்து மினுங்கியது. ஊர்ப் பள்ளிக்கூடத்து விஞ்ஞான வாத்தியார் ஆய்வுகூடத்திலிருந்து வெப்பமானியோடு வந்து, தங்கம் உருகுவதற்கு ஆயிரத்து அறுபத்துநாலு பாகை வேண்டும் என்று சபைக்கு நினைவூட்டிவிட்டு, பொன்னுக்குள் அதை விட்டுப் பார்த்தார். நாற்பத்தொன்று காட்டியது.

"இது காய்ச்சல்" என்றார் வாத்தியார், வெப்பமானியைத் துடைத்துக்கொண்டே.

"காய்ச்சல் எண்டால் மாறும்" என்றார் சேந்தனின் தாய் மங்கையற்கரசி. அத்துடன் அந்த விஷயம் அன்றைக்கு முடிந்தது.

மறுநாளும் மாறவில்லை. பெண்ணின் தகப்பன் குலசிங்கம் இன்னொரு பவுணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஆசாரியாரின் பட்டறைக்குப் போனார்.

"வேற ஒண்டை உருக்குங்கோவன், ஆசாரியார். புதன்கிழமை கலியாணம்."

"உருக்கலாம். ஆனா ரண்டாம் பொன் உருக்கினா அது ரண்டாம் கலியாணம். முதலாம் ஆள் ஆர் எண்டு பிறகு உங்கட மகளைத்தான் ஊர் கேக்கும்."

குலசிங்கம் கைக்குட்டையை மடியில் செருகிக்கொண்டு திரும்பினார்.

இதில் அவசரம் என்னவென்றால், சட்டப்படி சேந்தனும் நிரோஜினியும் ஏற்கெனவே கணவன் மனைவி. போன வருடம் சேந்தன் வந்திருந்தபோது பதிவாளர் முன்னால் எழுத்து முடிந்துவிட்டது. எழுத்து முடிந்தவுடன் அவன் வேலை செய்யும் குளிர்நாட்டுக்கு அவளையும் அழைப்பதற்கான விண்ணப்பம் கொழும்பிலுள்ள தூதரகத்துக்குப் போனது. (அந்த நாட்டின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை, சொன்னால் அங்கிருக்கும் கொண்டலடிக்காரர் எல்லோரும் தங்களைத்தான் எழுதியிருக்கிறது என்று கோபிப்பார்கள்.) விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர் யாழ்ப்பாண நகரத்தில் மருந்துக்கடை ஒன்றுக்கு மேல்மாடியில் அலுவலகம் வைத்திருந்த அன்ரன். அவர் அப்போதே சொல்லியிருந்தார்: பதிவுப் பத்திரம் ஒரு தாள்தான், அதை யாரும் எடுக்கலாம், அதிகாரிகள் நம்புவது மாலையை, தாலியை, முந்நூறு பேர் இலை போட்டுச் சாப்பிடுகிறதை. ஒருவனுக்காக முந்நூறு பேர் பொய்யாகச் சாப்பிட மாட்டார்கள் என்பது அந்த நாட்டின் கொள்கை. கொண்டலடியில் சாப்பிடுவார்கள், அது அவர்களுக்குத் தெரியாது.

ஆகவே பொன் இறுகாவிட்டால் தாலி இல்லை. தாலி இல்லாவிட்டால் கலியாணம் இல்லை. கலியாணம் இல்லாவிட்டால் படம் இல்லை. படம் இல்லாவிட்டால் விசா இல்லை. நிரோஜினி பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தவள், ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பார்ப்பது அவள் பழக்கம். இதையும் எழுதிப் பார்த்தாள். ஒரு தடவை மறுத்துவிட்டால் மேன்முறையீடு மூன்று வருடம் என்று அன்ரன் சொல்லியிருந்ததைக் கடைசி வரியாக எழுதி, அடிக்கோடு போடாமல் மூடி வைத்தாள்.

சேந்தன் லீவு முடியும்வரை மூன்று கிழமை காத்திருந்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவே மூன்று மணல் ஒழுங்கையும் ஒரு மதகும்தான். அந்த மூன்று கிழமையும் அவன் கிழக்காலும் அவள் மேற்காலும் போனார்கள், கோயிலுக்கு அவன் காலையிலும் அவள் பின்னேரத்திலும் போனார்கள், அவன் மிதித்துப்போன மணலைப் பார்த்தாலும் பார்த்ததாகுமா என்று அவளுடைய பெரியம்மா ஒருத்தி சந்தேகம் கிளப்பியதால் சந்தியில் ஒரு பையன் நின்று விளக்குமாற்றால் கூட்டவும் செய்தான். பொன் இறுகவில்லை. வேலை போய்விடும் என்ற நிலை வந்ததும் சேந்தன் புறப்பட்டான். விமான நிலையத்துக்கு அவனை ஏற்றிய வான் அவள் வீட்டு வாசலைத் தாண்டும்போது திரையை இழுத்துவிட்டார்கள். அவள் குசினிக்குள் நின்று, வானின் இரைச்சல் மதகைக் கடந்து தேய்ந்து இல்லாமல் போகும்வரை, அடுப்பில் ஒன்றுமே இல்லாத சட்டியைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

உண்மையான சிக்கல் அவன் புறப்படுவதற்கு முன்பே, பொன் இறுகாத மறுநாளே, தொடங்கிவிட்டது. தொலைபேசியில் பார்ப்பது பார்ப்பதாகுமா? சனசமூக நிலையத்தில் பத்திரிகைகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதை ஆராய்ந்தார்கள். திரையில் முகம் தெரிந்தால் அது பார்வைதான் என்று கோயில் ஐயர் தயக்கமில்லாமல் சொன்னார். குரல் மட்டும் கேட்டால்? அதற்கு மங்கையற்கரசி எழுந்து, "குரலைக் கேட்டால் முகம் தெரியாமலோ இருக்கும்?" என்று கேட்டார். அவர் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் ஒழுக்காற்றுக் குழுவில் இருந்தவர். அவர் கேட்கும் கேள்விகளுக்கு ஊரில் யாரும் பதில் சொல்லிப் பழகியிருக்கவில்லை. கடிதமும் கூடாது, கையெழுத்தும் ஒரு முகம்தான். மூன்றாம் ஆள் மூலம் சேதியும் கூடாது. தாயின் வாய்ச்சொல் மட்டும் தூதாகாது என்று ஒரு விலக்கு வைத்தார்கள். ஆகவே அவனைப் பற்றி அவள் அறிய வேண்டியதைத் தாயிடம் கேட்டு அறியலாம். ஆசாரியாரிடமும் அபிப்பிராயம் கேட்டார்கள். அவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, "இறுகாத பொன் கேட்டுக்கொண்டிருக்கிற பொன்" என்றார். அதன் அர்த்தம் அவருக்கே தெளிவாக இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதன் பிறகு பொன் இருந்த வீட்டுப் பக்கம் போகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். நிரோஜினியும் கிண்ணத்தின் முன் நின்று, தாலி ஏறும்வரை சேந்தனோடு கதைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தாள்.

பொன் மங்கையற்கரசியின் முன்னறையில், மரப்பலகை ஒன்றின் மேல், தன் சின்னக் கிண்ணத்தில் இருந்தது. ஆனி போனது, ஆடி போனது, அது இருந்தது. முதலில் எட்டிப் பார்த்தவர்கள் பிறகு உட்கார்ந்து பார்த்தார்கள், உட்கார்ந்து பார்த்தவர்கள் பிறகு வேலையோடு வந்தார்கள், ஒருத்தி குழந்தையின் பாலை அதன் பக்கத்தில் வைத்து இளஞ்சூடாக்கினாள், இன்னொருத்தி மழைநாளில் நனைந்த பாடப்புத்தகத்தை விரித்து வைத்தாள், மூட்டு நோக்காட்டுக்காரர் முழங்காலைக் காட்டிக்கொண்டு இருந்தார், மின்சாரம் நின்ற பின்னேரங்களில் அயல்வீட்டுப் பிள்ளைகள் அதன் வெளிச்சத்தில் கணக்குச் செய்தார்கள், பெண் பார்க்க வந்தவர்களை அங்கே கூட்டிவந்து அந்த வெளிச்சத்தில் பெண்ணைக் காட்டினால் எந்தப் பெண்ணும் நிறம் என்று தரகர்கள் கண்டுபிடித்தார்கள், பேருந்து நடத்துநர் அந்த ஒழுங்கை முகப்பில் "உருகுபொன், உருகுபொன் இறங்கு" என்று கூவத் தொடங்கினார். ஆவணி ஆனதும் அதிசயம் என்று சொல்வதை ஊர் விட்டுவிட்டது. வீட்டில் ஒரு வயதாளி படுக்கையில் இருந்தால் எப்படியோ அப்படி, வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே, "இண்டைக்கு எப்படி?" என்று கேட்டார்கள், மங்கையற்கரசி, "அப்படியேதான்" என்றார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலை முடிந்து நிரோஜினி அங்கே போவாள். கிண்ணத்துக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் மாமியும்.

"கதைச்சவரோ, மாமி?"

"கதைச்சவன், கதைச்சவன். பாண் பேக்கரியில இரவு வேலையை விட்டிட்டானாம். இப்ப பகல் வேலை."

"நித்திரை கொள்ளுறாராமோ?"

"கொள்ளாமல் என்ன. வீடும் மாறிப்போட்டான். புது வீட்டு யன்னலால பாத்தால் ஏரி தெரியுதாம்."

புரட்டாதியில் ஒரு வெள்ளிக்கிழமை மாமி சற்றுத் தயங்கிவிட்டு, "ஒரு பூனை வளக்கிறான்" என்றார்.

"பூனையோ? அவரோ?"

"வெள்ளைப் பூனை. முத்து எண்டு பேர் வைச்சிருக்கிறான். வேலையால வந்து கதவைத் திறக்கேக்குள்ள காலுக்குள்ள வந்து நிக்குமாம்."

பூனை ஊருக்குள் போனது. பால் சூடாக்க வந்தவர்கள் பொன்னை விசாரித்துவிட்டு முத்துவையும் விசாரித்தார்கள். குளிருக்குப் பூனை என்ன செய்யும் என்று வாத்தியார் கவலைப்பட்டார். ஐப்பசியில் முத்துவுக்கு வயிறு சரியில்லாமல் போய், ஒரு கிழமை முழுக்க ஒழுங்கையே கலங்கி, பிறகு தேறியது.

கார்த்திகையில் தூதரகக் கடிதம் வந்தது. மார்கழி மூன்றாம் நாள் நேர்முக விசாரணை. உறவு தொடர்வதற்கான ஆதாரங்களோடு வரவும். நிரோஜினி கடிதத்தை எடுத்துக்கொண்டு அன்ரனிடம் போனாள். அவர் அவளுடைய தொலைபேசி அழைப்புப் பட்டியலைப் பிரதியெடுத்து மேசையில் வைத்தார். எழுத்து முடிந்த நாளிலிருந்து நூற்று நாற்பது பக்கம்; ஒரு நாளில் ஆறு அழைப்பு, ஏழு அழைப்பு. நூற்று நாற்பத்தோராம் பக்கத்தில் நாலு வரி.

"தங்கச்சி, இது மே பதினெட்டோட நிக்குது."

"ஓம் அண்ணை."

"பிறகு?"

"பிறகு பொன் உருக்கினது."

"உருக்கினால்?"

"கதைக்கக் கூடாது."

அன்ரன் கண்ணாடியைக் கழற்றினார். அவர் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர், ஆனாலும் கொண்டலடிப் பொன்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனவர்தான். "பிள்ளை, எனக்கு விளங்குது. அவைக்கு விளங்காது. எழுத்து முடிச்சு, விண்ணப்பம் போட்டு, கதைக்கிறதை நிப்பாட்டினால் அவை அதுக்கு ஒரு பேர்தான் வைப்பினம். போலிக் கலியாணம். போர்மில பொன்னுக்குப் பெட்டி இல்லை. இண்டைக்கே எடுத்துக் கதையும்."

"சத்தியம் செய்தனான்."

"பொன் என்ன காதோட இருக்குதோ?"

அவர் உண்மையில் அதைத் துணிந்து கேட்டவர் அல்ல. கேட்டபிறகு கூரையைப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப ஒண்டு செய்யும். அவரைப் பற்றி எல்லாம் பாடமாக்கிக்கொண்டு போம். எங்க இருக்கிறார், என்ன வேலை, என்ன சாப்பிடுறார். உம்மையும் கேப்பினம், அங்க அவரையும் கேப்பினம். ரண்டும் ஒண்டாய் இருக்கவேணும். ஒரு சொல் மாறினாலும் முடிஞ்சுது."

அவள் அத்தனை வெள்ளிக்கிழமைகளையும் ஒரு கொப்பியில் எழுதினாள். பகல் வேலை, ஏரி, யன்னல், தேநீருக்குச் சீனி விட்டது, பூனை. கொழும்புக்குப் போகும் பேருந்தில் அந்தக் கொப்பியை மடியில் வைத்து, சோதனைக்குப் போகும் பிள்ளை மாதிரி, கண்ணை மூடி மூடிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

தூதரகத்தின் சின்ன அறையில் ஓர் அதிகாரியும் ஒரு மொழிபெயர்ப்பாளரும் இருந்தார்கள். அதிகாரி நடுத்தர வயதுப் பெண்; எதையும் நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு வரும் ஒருவித மரியாதை அவரிடம் இருந்தது. மொழிபெயர்ப்பாளர் பாடப்புத்தகத் தமிழ் பேசினார்.

"கடந்த ஏழு மாதங்களாக உங்கள் கணவருடன் நீங்கள் ஏன் தொடர்பில் இல்லை என்று அதிகாரி வினவுகிறார்."

நிரோஜினி சொன்னாள். பொன்னுருக்கைச் சொன்னாள், இறுகாததைச் சொன்னாள், சத்தியத்தைச் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். அதிகாரி எழுதினார். அவருடைய பதினொரு வருட அனுபவத்தில் தொடர்பு விட்டுப்போனதற்குத் தபாலைக் குறை சொன்னவர்கள் உண்டு, மாமியாரைக் குறை சொன்னவர்கள் உண்டு, கிரகங்களைக் குறை சொன்னவர்கள் நிறைய உண்டு. ஓர் உலோகத்தைக் குறை சொன்னது இதுதான் முதல் தடவை.

"அப்படியானால் அவரைப் பற்றிய செய்திகள் உங்களுக்கு எவ்வாறு கிடைக்கின்றன?"

"மாமி சொல்லுவா. மாமியோட ஒவ்வொரு நாளும் கதைக்கிறவர்."

"அவர் எங்கே வசிக்கிறார்?"

சொன்னாள். புது வீடு, யன்னல், ஏரி. என்ன வேலை? பகல் வேலை. தேநீர்? சீனி இல்லாமல். வீட்டில் வேறு யாராவது?

"ஒரு பூனை. வெள்ளை. முத்து."

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு மேசையிலிருந்த தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பி, எண்களை ஒவ்வொன்றாக அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டார். நிரோஜினிக்கு இது நடக்கும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. மணி அடித்தது. அங்கே விடிகாலையாக இருக்கும். ஐந்தாவது மணியில் எடுத்தார்கள்.

அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார், சேந்தன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். கூட்டுறவுச் சங்கத்தில் கடிதம் எழுதிய ஆங்கிலம் அவளுக்குப் போதுமாக இருந்தது. வீடு மாறினீர்களா? இல்லை, பழைய இடம்தான். யன்னலில் என்ன தெரியும்? வாகனத் தரிப்பிடம். வேலை? இரவு வேலை, இப்போதுதான் வந்தேன். தேநீருக்குச் சீனி? இரண்டு கரண்டி. அதிகாரி ஒவ்வொரு பதிலுக்கும் தன் தாளில் ஒரு கோடு போட்டார். கோடுகள் போகப்போக நிரோஜினியின் மடியிலிருந்த கொப்பி நழுவி விழுந்தது.

"உங்களிடம் செல்லப்பிராணி ஏதும் உண்டா?"

"இல்லை. பூனை, நாய் எதுவும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. தும்மல் வரும்."

அதிகாரி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அது நல்ல பார்வை அல்ல. ஆனால் அந்தக் கணத்தில் அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை, கோப்பை நினைக்கவில்லை, மூன்று வருட மேன்முறையீட்டையும் நினைக்கவில்லை. ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறாள், அது அடைத்திருந்தது.

"தடிமனோ?" என்றாள்.

கம்பியின் அந்த முனையிலிருந்து, மெதுவாக, "நிரோ?"

"என்ன பேசிக்கொண்டார்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

"இவர் சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டார்" என்றார் மொழிபெயர்ப்பாளர். "அவர், நீ நிரோவா என்று கேட்கிறார்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தார். "உங்கள் தாயாருடன் கடைசியாக எப்போது பேசினீர்கள்?"

இந்தத் தடவை சேந்தன் தமிழில் சொன்னான், அவளுக்காகவோ என்னவோ. "வெளிக்கிட்ட அண்டைக்கு. அவளோட கதைக்கக் கூடாது எண்டால் உங்களோடயும் கதைக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். அதுக்குப் பிறகு கதைக்கேல்லை. அவ எடுத்தவ, நான் எடுக்கேல்லை."

ஏரி வற்றியது; யன்னல் மூடியது; முத்து அவன் காலுக்குள்ளிருந்து எழுந்து எங்கேயோ போனது. நிரோஜினி குனிந்து கொப்பியை எடுத்தாள்.

அதிகாரி முடிவைச் சுருக்கமாகச் சொன்னார். பதில்கள் பொருந்தவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் அவர் கோப்பை மூடிவிடுவார். ஆனால் இவ்வளவு மோசமாகப் பொருந்தாத பதில்களை யாரும் திட்டமிட்டுத் தயாரித்திருக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரிகிறது. ஆகவே முப்பது நாள். அதற்குள் சடங்குபூர்வமான திருமணம் நடந்ததற்கான ஆதாரமும், பூனையைப் பற்றி எழுத்துமூலமான விளக்கமும் வந்து சேரவேண்டும். வராவிட்டால் நிராகரிப்பு.

முப்பது நாள் என்பது அதிகாரியின் கணக்கு. மார்கழியில் கொண்டலடியில் யாரும் தாலி கட்டுவதில்லை. தை பிறந்த பிறகு கெடு முடிவதற்கு மூன்றே மூன்று நாள்தான் இருந்தது. பொன்னோ இன்னும் தண்ணீராக இருந்தது.

மறுநாள் காலை பேருந்தால் இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல், பையோடு நேரே மாமி வீட்டுக்குப் போனாள். மாமி முன்னறையைக் கூட்டிக்கொண்டு நின்றார். கிண்ணத்துக்குள் பொன் வழக்கம்போலவே அசைந்துகொண்டிருந்தது.

"வா பிள்ளை. என்ன சொன்னவை?"

"மாமி, அந்தப் பூனைக்கு ஆர் பேர் வைச்சது?"

விளக்குமாறு நின்றது. கேள்வி கேட்டே பழகிய பெண்மணி, பதில் சொல்லும் இடத்தில் எப்படி நிற்பது என்று தெரியாமல், விளக்குமாற்றைச் சுவரில் சார்த்தி, அது விழ, திரும்பவும் சார்த்தினார்.

"நான்தான்."

"வீடும் நீங்கள்தானோ? ஏரியும்?"

"ஓம்." அவர் கதிரையில் உட்கார்ந்தார். "நீ வெள்ளிக்கிழமை வந்து கண்ணை விரிச்சுக்கொண்டு இருப்பாய். அவன் எடுக்கேல்லை எண்டு உனக்குச் சொல்லவோ? நான் போட்ட விதி. எனக்கே பிள்ளை கதைக்கேல்லை எண்டு சனத்துக்குச் சொல்லவோ?"

"அதுக்குப் பூனை என்னத்துக்கு மாமி? அவருக்குத் தும்மல் வரும் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும்." மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தார், வியர்க்காத முகத்தை. "இரவு படுத்தால், அவன் வேலையால வந்து கதவைத் திறக்கிறது தெரியும். உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை. ஒவ்வொரு நாளும் அதே கதவு. அவன் தனிய இருக்கிறான் எண்டு நினைக்க எனக்கு ஏலாமல் கிடந்தது பிள்ளை. ஒரு பூனையைக் குடுத்தன்."

ஒழுங்கையில் யாரோ பால் கிண்ணத்தோடு வந்து, உள்ளே நடப்பதைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போனார்கள்.

நிரோஜினிக்குப் பேருந்தில் வரும்போது எடுத்துவைத்த கோபம் நிறைய இருந்தது. உங்களால் என் விசா போகப்போகிறது என்று தொடங்கும் ஒரு நீண்ட வசனத்தை அவள் அனுராதபுரத்திலிருந்து செதுக்கிக்கொண்டு வந்திருந்தாள். பையைக் கீழே வைத்தாள். தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்தி, காதில் வைத்துப் பார்க்காமலே, அடித்துக்கொண்டிருக்கும்போதே மாமியிடம் நீட்டினாள்.

"கதையுங்கோ."

"பொன் கேக்கும்."

"கேக்கட்டும்."

அந்த முனையில் எடுத்தான். "நிரோ" என்றான். மாமி தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நிரோ இல்லை. நான்."

அவன் வைத்துவிட்டான் என்றே நிரோஜினி நினைத்தாள். மாமியின் முகமும் அப்படித்தான் போனது. பிறகு அங்கே ஒரு தும்மல் கேட்டது.

"இஞ்சி போட்டுக் குடிச்சியோ?" என்று மாமி கேட்டார். "பொய் சொல்லாதை. எனக்குத் தெரியும், குடிக்கேல்லை. உன்ர கொப்பரும் இப்பிடித்தான்... இல்லை, நீ சொல்லு. நீ சொல்லு, நான் கேக்கிறன்." கேட்டார். நெடுநேரம் கேட்டார். அவன் என்ன சொன்னான் என்பது நிரோஜினிக்குக் கேட்கவில்லை, அவளும் கேட்க முயலவில்லை. யன்னலருகே போய் நின்றுகொண்டாள். கடைசியாக மாமியின் குரல்தான் கேட்டது. அது ஒழுக்காற்றுக் குழுவின் குரல் அல்ல. "தை ரண்டு நல்ல நாள். வந்து தாலியைக் கட்டி இவளைக் கூட்டிக்கொண்டு போ, தம்பி. ஓம். ஓம், நான் தனியத்தான். அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீ கூட்டிக்கொண்டு போ."

எந்தச் சொல்லில் பொன் இறுகியது என்பதில் கொண்டலடியில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. தும்மலில் என்பவர்கள் உண்டு, இஞ்சியில் என்பவர்களும் உண்டு. அந்த நேரத்தில் கிண்ணத்தை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. அறையில் இருந்த இரண்டு பேருக்கும் வேறு வேலை இருந்தது. ஒன்பது மணிக்கு ஆசாரியார் வந்து கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டினார். உள்ளங்கையில் விழுந்தது, சாதாரணமாக, குளிர்ந்து.

"என்ன இது, இறுகிப்போட்டுது" என்று ஊர் கொஞ்சம் குறைப்பட்டுக்கொண்டது. பாலைத் தங்கள் அடுப்பிலேயே சூடாக்க வேண்டியிருந்தது; முழங்கால்காரர் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியிடம் திரும்பிப் போனார்; தரகர்கள் வேறு வெளிச்சம் தேடினார்கள். மார்கழி முழுக்க ஆசாரியாரின் பட்டறையில் தட்டும் சத்தம் கேட்டது.

சேந்தன் ஆறு நாள் லீவில் வந்தான். தை இரண்டாம் நாள் காலை தாலி ஏறியது. முந்நூறு பேர், பொய்யில்லாமல், சாப்பிட்டார்கள். படப்பிடிப்பாளருக்குப் பக்கத்தில் கையில் பட்டியலோடு நின்றவர் அன்ரன். அன்று பின்னேரமே படங்களைப் பொறுக்கிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், அவருக்குத் தலை வெடிக்கிறமாதிரி இருந்தது. பூனைக்கான விளக்கத்தை முதல்நாளே தட்டச்சு செய்து முடித்திருந்தார்: அப்படி ஒரு பூனை இல்லை, அது மணமகனின் தாயார் மகனுக்குக் கொடுத்தது. இதற்கு மேல் அவருக்கு எழுத வரவில்லை.

இருநூற்று நாற்பது படங்கள். அன்ரன் கணினித் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். மாலை மாற்றும் படத்தில் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கிறான். பெண் மாப்பிள்ளையைப் பார்க்கிறாள். அம்மி மிதிக்கும் படத்திலும் அப்படியே. ஐயர் நெருப்பைப் பார்க்கச் சொல்லும் படத்திலும் அப்படியே.

"கடவுளே, ஒரு படத்தில எண்டாலும் கமராவைப் பாத்திருக்கக் கூடாதோ! கடவுச்சீட்டோட முகத்தை ஒப்பிட்டுப் பாப்பினம் எண்டு நான் நூறுதரம் சொன்னனான்!"

"சொன்னனீங்கள் அண்ணை" என்றாள் நிரோஜினி. "மறந்துபோனம்."

கடைசியில் குடும்பப் படம் ஒன்றை எடுத்து வைத்தார். அதிலும் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைப் பார்த்து உறவினர் சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஒரே ஒருவர் மட்டும் சொன்னபடி செய்திருந்தார். நடுவில், புதுச் சேலையில், முதுகை நிமிர்த்தி, மங்கையற்கரசி கமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை அந்த அதிகாரி அம்மா பார்ப்பா என்று அன்ரன் சொல்லியிருந்தார்; ஆகவே அவர் அதிகாரியைப் பார்த்தார்.

மாசி முதற்கிழமையில் விசா வந்தது. மொழிபெயர்ப்பாளர் பின்னொரு நாள் அன்ரனிடம் சொன்னாராம்: அதிகாரி அன்று மற்றத் தாள்களை எல்லாம் விரைவாகப் புரட்டினாராம், அந்தப் படத்தில், நடுவில் நின்ற தாயின் பார்வையில், கொஞ்சம் நின்றாராம். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாராம்.